தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதறது. இங்க நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், நீ அங்க நல்லா இருக்கியா, நேரத்துக்கு சாப்பிடறியா, அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கிட்டு வெளிய போறியா. முதல் வரியை மறுபடியும் ஒரு தடவை படிச்சுட்டு வா. அம்மா நல்லா இருக்கா. இதுக்கு அப்புறம் நான் எழுதப்போறதை எல்லாம் அந்த ஒரு வரியைக் கையில பிடிச்சுக்கிட்டேதான் படிக்கணும், நடுவுல விட்டுடக்கூடாது. மீதிக் கடிதத்தைப் படிக்கறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டிய காரியம் ஒன்னு இருக்கு. திங்கட்கிழமை வகுப்புல எல்லாரும் சேர்ந்து முதியோர் குடியிருப்புல காத்து கசியற ஓட்டையெல்லாம் அடைக்கப் போறோம்னு சொன்னே இல்லையா, அது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உன் வாத்தியாரம்மாகிட்ட போ. அந்த அறைகள்ல குளியலறைக்குள்ளயே வெந்நீர் காய்ச்சற கேஸ் ஹீட்டர் இருக்கா, இருந்தா அதுக்குக் காத்து எந்த வழியா வருது, புகை எந்த வழியா போகுது, இதைப் பார்க்காம யாரும் ஓட்டையை ஒட்டற டேப்பைத் தொடக்கூடாதுன்னு சொல்லு. ஏன்னு கேட்டா எங்க வீட்லயே நடந்துடுச்சுன்னு சொல்லு. என்ன நடந்துச்சுன்னு உன்கிட்ட சொல்லத்தான் இப்ப உக்காந்திருக்கேன்.

போன்ல சொல்லாம ஏன் எழுதறேன்னு நினைப்ப. போன்ல நீ அப்பான்னு கூப்பிட்ட உடனே என் வாய் தானா எல்லாம் நல்லா இருக்கு கண்ணுன்னு சொல்லிடுது, அதுக்கு அப்புறம் உண்மையை எங்க நுழைக்கிறது. நேத்துகூட கூப்பிட்டேன், உன் இருமலைப் பத்தியும் மழைக்கோட்டைப் பத்தியும் பேசிட்டு வெச்சுட்டேன், வெச்ச பிறகு என்னை நானே திட்டிக்கிட்டேன். அதனால இப்ப காலை டிரிப் முடிச்சு, பிள்ளைங்களை ஸ்கூல்ல இறக்கிவிட்டு, யாராவது சீட்டுக்கு அடியில தூங்கிட்டு கிடக்கிறாங்களான்னு வழக்கம்போல கடைசி சீட்டு வரைக்கும் குனிஞ்சு பார்த்துட்டு, பஸ்ஸை ஷெட் ஓரமா நிறுத்தி ஸ்டியரிங் மேல அட்டையை வெச்சு எழுதறேன். கையெழுத்து கோணலா இருந்தா பயத்துல நடுங்கினதுன்னு நினைக்காதே, அட்டை வழுக்குது. சரி, பயமும்தான். சாயங்கால டிரிப்புக்கு முன்னாடி எழுதி முடிச்சு, வீட்டுக்குப் போய் ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து போன்ல அனுப்பிடுவேன், தாளைத் தபால்லயும் போடுவேன், ஒன்னு வராம போனா இன்னொன்னாவது வரும். அம்மா எனக்கு பிரேக்குன்னு சும்மாவா பேர் வெச்சா. காலி ரோட்டுலகூட பிரேக் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டற மனுஷன்னு உங்க மாமாகிட்ட சொல்லிச் சொல்லி சிரிப்பாளே.

போன வாரம் அம்மா குளியலறையில வழுக்கி விழுந்துட்டா, லேசான அடி, கொஞ்ச நாள் ஓய்வுன்னு உன்கிட்ட சொன்னேன் இல்லையா. அது பொய் பாப்பா. அம்மா வழுக்கவே இல்லை. அப்படி சொல்லச் சொன்னது அம்மாதான், ஆஸ்பத்திரியில மூச்சுக்காக முகத்துல மாட்டியிருந்ததை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, புத்தி தெளிஞ்ச பிறகு அவ பேசின முதல் பேச்சே அதுதான். பிள்ளைகிட்ட வழுக்கி விழுந்தேன்னு சொல்லுங்க, வேற ஏதாவது உளறினீங்கன்னா அதுக்கு அப்புறம் உங்ககூட பேசவே மாட்டேன்னு சொன்னா. மாமாவும் வந்து அதையேதான் சொன்னார், பரீட்சை நேரத்துல பிள்ளை மனசைக் கெடுக்காதீங்க மச்சான், படிப்பு முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்னு. நானும் தலையை ஆட்டினேன். சொல்லப் பயந்துகிட்டு இருக்கிறவன்கிட்ட சொல்ல வேண்டாம்னு ரெண்டு பேர் சொன்னா கசக்குமா. அப்படியே இருந்திருப்பேன், ஆனா புதன்கிழமை நீ போன்ல ஒன்னு சொன்னே. நம்ம வீட்ல நீ செஞ்ச வேலைக்குத்தான் வகுப்புலயே முதல் மார்க், வாத்தியாரம்மா அதையே மாதிரியா வெச்சு எல்லாரையும் செய்யச் சொல்லிட்டாங்க, திங்கட்கிழமை முதியோர் குடியிருப்புல ஆரம்பிக்கிறோம், ஆளுக்கு ரெண்டு அறைன்னு. உன் குரல்ல அவ்வளவு சந்தோஷம். ரொம்ப நல்லதுடான்னு சொல்லிட்டு வெச்சேன். யாரோ ஒரு வயசானவர், பேர் தெரியாது, முகம் தெரியாது, வெந்நீரைத் திறந்துவிட்டு உக்காந்திருக்கிற மாதிரியே கண்ணுக்கு முன்னாடி வருது. அவர் வீட்ல கதவைத் தட்ட என்னை மாதிரி ஒருத்தன் இருப்பானா.

நடந்ததை முதல்ல இருந்தே சொல்றேன், உனக்குத் தெரிஞ்ச இடத்துல இருந்தே. லீவுக்கு நீ முதுகுல பையும் கையில அந்த சூடு காட்டற கேமராவுமா வாசல்ல வந்து நின்னது இன்னும் கண்ணுலயே இருக்கு. கட்டடத்துல வீணாகிற சூட்டையும் கரண்டையும் கண்டுபிடிச்சு நிறுத்தற படிப்புன்னு நீ சேர்ந்தப்ப எங்களுக்கு ஒன்னும் புரியல, கட்டடத்துக்குக் காய்ச்சல் பார்க்கிற படிப்பான்னு அம்மா கேட்டா, கிட்டத்தட்ட அதுதான்மான்னு சொன்னே. அவங்கவங்க வீட்டையே எடுத்துக்கிட்டு சோதிச்சு, சரி பண்ணி, எழுதிக்கிட்டு வரணும்னு காலேஜ்ல சொல்லி அனுப்பியிருந்தாங்க. கேமராவுல அம்மா அடுப்பு மாதிரி சிவப்பா தெரிஞ்சா, எனக்கு மூக்கு மட்டும் நீலம், உங்கப்பாவுக்கு மூக்குலகூட பயம்தான் ஓடுதுன்னு அம்மா சொல்ல நீ தரையில உக்காந்து சிரிச்சே. அப்புறம் ஊதுபத்தியைக் கொளுத்திக்கிட்டு வீடு பூரா சுத்தினே, புகை நேரா போனா சரி, சாஞ்சா அங்க ஓட்டைன்னு எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தே. வாசல் கதவு அடியில, ஜன்னல் சட்டத்துல, குழாய் சுவருக்குள்ள போற இடத்துல, ஸ்விட்ச் பெட்டிக்குள்ளகூட காத்து வந்துச்சு. இத்தனை வருஷமா நாம தெருவைத்தான் குளிர் காயவெச்சிருக்கோம் அப்பான்னு சொன்னே. கடைசியா குளியலறை. ஹீட்டருக்கு மேல, கூரைக்குக் கொஞ்சம் கீழ, கம்பி போட்ட அந்த சதுர ஓட்டை. புகை அங்க போனதும் யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி வளைஞ்சு ஓடுச்சு. இதுதான் பெரிய திருடன்னு சொல்லி, அட்டையை அளவா வெட்டி வெச்சு, ஓரத்துல பசையைத் தடவி, மேல டேப்பையும் ஒட்டினே, கீழ குளியலறைக் கதவு அடியிலயும் ரப்பரை ஒட்டி அடைச்சே.

ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான்தான். வேணும்னுதான் யாரோ ஓட்டை விட்டிருப்பாங்க பாப்பான்னு கேட்டுப் பார்த்தேன், நீ சிரிச்சே, அம்மா அடுப்படியில இருந்தே, உங்கப்பா பேச்சைக் கேட்டா சுவரே எழுப்ப முடியாதுன்னா. சிரிக்காம என்ன பண்ணுவீங்க, அன்னிக்கு நான் சொன்ன பயம் அது ஒன்னா ரெண்டா. கதவு அடியில ரப்பர் ஒட்டினா வெள்ளம் வந்தா தண்ணி வடியாதுன்னு சொன்னேன், நாம இருக்கிறது ரெண்டாவது மாடி. ஜன்னலை அடைச்சா கண்ணாடி வெடிக்கும்னு சொன்னேன், ஸ்விட்ச் பெட்டியில கை வெச்சா ராத்திரி தானா விளக்கு எரியும்னு சொன்னேன். அத்தனையும் தப்பு, அந்த ஒன்னுதான் சரி. அதனால அன்னிக்கே சொன்னேனேன்னு சொல்லிக்காட்ட எனக்கு வாயே கிடையாது. எல்லாத்துக்கும் ஹாரன் அடிக்கிறவன் ஹாரனை யார் மதிப்பா.

நீ ஊருக்குப் போன பிறகு வீடு என்ன கதகதப்பா இருந்துச்சு தெரியுமா. அம்மா ஹோட்டல்ல நாள் பூரா நின்னுக்கிட்டே படுக்கை விரிப்பு தேய்ச்சுட்டு வந்து நேரா குளியலறைக்குத்தான் போவா. முன்னாடியெல்லாம் குளிருக்குப் பயந்து அரைகுறையா ஊத்திக்கிட்டு பல்லு கிட்டிக்க ஓடி வருவா, இப்ப உள்ள போனா பாட்டு மேல பாட்டு. கீழ் வீட்டு நர்ஸம்மாவை மாடிக்குக் கூட்டிட்டு வந்து கதவு இடுக்குல கையை வெச்சுப் பார்க்கச் சொல்லி, எங்க பொண்ணு பண்ணினது, காத்து வருதா பாருங்க, வருதா பாருங்கன்னு கேட்டா, பாவம் அவங்க டூட்டி முடிஞ்சு வந்தவங்க, தூக்கக் கலக்கத்துல இல்லை இல்லைன்னு சொல்லிட்டுப் போனாங்க. அந்த நாள்லதான் அம்மாவுக்குத் தலைவலி ஆரம்பிச்சுது. குளிச்சுட்டு வந்ததும் தலை பாரமா இருக்கு, வயித்தைப் புரட்டுதுன்னு கட்டில்ல சாய்வா, கொஞ்ச நேரத்துல சரியாயிடும். தேய்க்கிற இடத்து ஆவிதான் காரணம்னு அவ சொல்லிக்கிட்டா. நான் ரத்தக் கொதிப்புன்னு பயந்தேன், கண்ணுல கோளாறுன்னு பயந்தேன், வாய்விட்டு சொல்லக்கூடாத நோயெல்லாம் நினைச்சுப் பயந்தேன், டாக்டர்கிட்ட இழுத்துட்டும் போனேன், தலைவலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். ஹீட்டர்ல நெருப்பு எப்பவும் நீலமா எரியும் இல்லையா, அது மஞ்சளா மாறிடுச்சு. அம்மா பார்த்துட்டு விளக்கு ஏத்தின மாதிரி அழகா இருக்கு வந்து பாருங்கன்னு கூப்பிட்டா, நானும் எட்டிப் பார்த்து ஆமாம்னேன். உலகத்துல இருக்கிற எல்லாத்துக்கும் பயந்தவன் நீ கை வெச்ச இடத்துக்கு மட்டும் பயப்படல பாப்பா. என் பொண்ணு செஞ்சது, படிச்சுட்டு வந்து செஞ்சது, அதுல என்ன வந்துடப்போகுதுன்னு இருந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில, நல்ல வெளிச்சம், அம்மாவுக்கு லீவு, அவசரம் இல்லாம குளிக்கப் போனா. நம்ம வீட்டுக் குளியலறைக் கதவு சமாச்சாரம் உனக்குச் சொல்லணுமா. நீ சின்னப் பிள்ளையா இருந்தப்பவே, உள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு நான் தாழ்ப்பாளைக் கழட்டி எறிஞ்சுட்டேன், கதவு மேல துண்டு தொங்கினா ஆள் இருக்குன்னு அர்த்தம். அதுக்காக நீ என்கூட போட்ட சண்டை கொஞ்சமா, சிநேகிதிங்க வந்தா மானம் போகுதுன்னு அழுவ, மாமா நம்ம வீட்ல வந்து தங்கினா குளிக்காமலேதான் ஊருக்குத் திரும்புவார். தாழ்ப்பாள் இல்லாததும் போதாதுன்னு அப்பப்ப நான் போய்த் தட்டுவேன், குளிக்கக்கூட விடமாட்டீங்களான்னு அம்மா உள்ள இருந்து கத்துவா. அதுக்கு முந்தின நாள் சண்டை பெருசாகி, இனிமே தட்டினீங்கன்னா கொதிக்கிற தண்ணியை மேல ஊத்துவேன்னு சொல்லியிருந்தா. சரி, ஒரு நாளாவது மனுஷனா இருந்து பார்ப்போம்னு முன்னறையில உக்காந்து அறுந்துபோன செருப்பு வாரைத் தைச்சுக்கிட்டு இருந்தேன். பாட்டு கேட்டுச்சு. அப்புறம் பாட்டு நின்னுச்சு, தண்ணி மட்டும் ஓடுச்சு. சோப்பு போடறான்னு நினைச்சேன். தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. தட்டாதே தட்டாதேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் தைக்கிறேன், ஊசி வார்ல இறங்காம விரல்ல இறங்குது. எழுந்து போய்த் தட்டிட்டேன். திட்டு வரல. மறுபடியும் தட்டினேன், அப்பவும் வரல. அம்மா திட்டாம இருக்கிறதைவிட பயங்கரம் எனக்கு இந்த உலகத்துல எதுவும் இல்லை.

துண்டோட சேர்த்து கதவைத் தள்ளினேன். சுவர்ல சாஞ்சு உக்காந்திருந்தா, கண்ணு பாதி திறந்திருக்கு, கன்னமெல்லாம் நல்லா சிவந்து, ஏதோ கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கா, கூப்பிட்டா மட்டும் அசைவே இல்லை. போர்வையைச் சுத்தி, அக்குள்ல கை கொடுத்து இழுத்துக்கிட்டு வாசலுக்கு வந்து படிக்கட்டுல படுக்க வெச்சேன், எனக்கே கண்ணைக் கட்டிக்கிட்டு வந்துச்சு. நான் போட்ட சத்தத்துல நர்ஸம்மா ஓடி வந்து அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்தாங்க, குளியலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாங்க, மூச்சை அடக்கிக்கிட்டுப் போய் கேஸை மூடுங்க, ஜன்னலைத் திறங்க, உள்ள நிக்காதீங்கன்னு சொல்லிட்டு அம்மா பக்கத்துல உக்காந்துட்டாங்க. கேஸை மூடிட்டேன், முன்னறை ஜன்னல் திறக்க வரல பாப்பா. குளிர்காலம் முடியற வரைக்கும் திறக்க வேண்டியதில்லைன்னு நீ ஒட்டிட்டுப் போனது அவ்வளவு நல்லா பிடிச்சிருந்துச்சு. முழங்கையால கண்ணாடியை உடைச்சேன். கண்ணாடி உடையற சத்தம் கேட்டுத்தான் அம்மா முதல் தடவையா முனகினா. கொஞ்சம் பொறு, பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு சுத்து நடந்துட்டு வரேன்.

வந்துட்டேன். ஆஸ்பத்திரியில ரத்தத்தைப் பார்த்துட்டு டாக்டர் சொன்னாங்க, கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு, நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, எரியற அடுப்புக்குப் புதுக் காத்து கிடைக்கலைன்னா அதுல இருந்து கிளம்பும், தூக்கம் மாதிரி வந்து ஆளைக் கொண்டுபோயிடும்னு. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா அப்படின்னு ஆரம்பிச்சாங்க, நான் கையைத் தூக்கி வேண்டாம்னுட்டேன், அந்த வாக்கியத்தோட மீதி எனக்குத் தேவையில்லை. அம்மா கண் முழிச்சு என்னைப் பார்த்து, பாப்பா ஸ்கூல்ல இருந்து வந்துட்டாளான்னு கேட்டா. காலேஜ்ல இருக்கான்னு சொன்னேன், ஓ ஆமாம்னா, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பவும் அதையே கேட்டா. அன்னிக்கு நான் பட்ட பயத்தை என் எதிரிகூடப் படக்கூடாது. இப்ப அதெல்லாம் தெளிஞ்சுடுச்சு, என்னைத் திட்டறதுக்கு ஒரு வார்த்தைகூடத் தட்டுப்பாடு இல்லை, இஸ்திரிப் பெட்டிங்கிற சொல் மட்டும் சட்டுனு வர மாட்டேங்குது, அந்த சூடு, அந்த சூடுன்னு கையை இப்படியும் அப்படியும் காட்டறா. மறதி போகப்போக சரியாயிடும்னு டாக்டர் சொன்னாங்க, அடுத்த மாசம் மறுபடியும் பார்க்கணும். நான் நம்பறேன், நம்பிக்கிட்டே பயப்படறேன்.

ஹீட்டர் மெக்கானிக் வந்து பார்த்தார். மேல நிமிர்ந்து பார்த்ததுமே நாக்கைக் கடிச்சுக்கிட்டார், புகையும் இதுவழியாத்தான் வெளிய போகணும், கீழ கதவு இடுக்கு வழியாத்தான் நல்ல காத்து உள்ள வரணும், ரெண்டையும் அடைச்சா நெருப்பு என்னத்தைத் தின்னும்னு கேட்டார். இந்த மாதிரி ஹீட்டரைக் குளியலறைக்குள்ள மாட்டினதே தப்பு, அடுத்த வாரம் வெளிப்பக்கம் மாத்தித் தரேன், அதுவரைக்கும் ஹீட்டருக்குப் போற கேஸைத் திறக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். அதனால அம்மாவுக்கு இப்ப அடுப்புல காய்ச்சின தண்ணி, பக்கெட்டுல. நீதான் போன மாசம் சொன்னே, ஹீட்டர், பாய்லர், அறைக்குள்ள காத்து வந்து போறது எல்லாம் அடுத்த பருவத்துலதான் பாடம்னு. இந்தப் பருவத்துல அடைக்கிறது, அடுத்த பருவத்துல மூச்சு விடறதா. பிரேக் பிடிக்கிறதை அடுத்த வருஷம் சொல்லித்தரேன், இப்போதைக்கு வண்டியை எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போன்னு எவனாவது சொல்லுவானா. இதையும் வாத்தியாரம்மாகிட்ட சொல்லு, மரியாதையா சொல்லு, ஆனா சொல்லாம விட்டுடாதே. முதல் மார்க் போயிடுமேன்னு யோசிக்காதே. நெருப்பு மஞ்சளா எரிஞ்சா, குளிச்சுட்டு வர்றவங்க தலைவலின்னு சொன்னா, அங்க ஊதுபத்தி பிடிக்கிற வேலையெல்லாம் அப்புறம்.

இப்ப என் பயத்தைச் சொல்றேன், ஒளிக்காம. இதைப் படிச்சுட்டு நீ அந்தப் படிப்பையே தூக்கிப் போட்டுட்டு வந்துடுவியோன்னு பயமா இருக்கு. வெட்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்து, திங்கட்கிழமை எல்லாரோடயும் சேர்ந்து போயிடுவியோன்னு அதைவிட பயமா இருக்கு. எல்லாத்தையும்விட, ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, போனை அணைச்சுட்டு, சாப்பிடாம, அம்மாவை நான்தான் அப்படிப் பண்ணிட்டேன்னு சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காந்துடுவியேன்னு நினைச்சாத்தான் எனக்கு மூச்சு முட்டுது, ஏன்னா சின்ன வயசுல இருந்தே உன் குணம் அது, கண்ணாடி டம்ளரை உடைச்சா கட்டில் அடியில போய்ப் படுத்துக்குவே, சாக்லேட்டைக் காட்டினாலும் வெளிய வரமாட்டே. அங்க உன் ரூம் கதவுல தாழ்ப்பாள் இருக்கும். தட்ட நான் இல்லை. நீ செஞ்சது தப்புதான், இல்லைன்னு சொன்னா அதுவும் பொய்யாயிடும், இனிமே உன்கிட்ட பொய் சொல்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா அம்மா நல்லா இருக்கணும், குளிர்ல நடுங்கக்கூடாதுன்னு நினைச்சு செஞ்ச தப்பு. நல்லதை நினைச்சுக்கிட்டு செய்யறப்பதான் ஜாஸ்தி பயப்படணும்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. நீ பயப்படு, என் பொண்ணுதானே, கொஞ்சமாவது வரும், பயந்துக்கிட்டே வேலையைப் பாரு. பயப்படாத ஒருத்தி அந்த வயசானவங்க குளியலறையில ஸ்டூல் போட்டு ஏறறதைவிட, பயந்த நீ ஏறினாத்தான் எனக்கு நிம்மதி. சாயங்கால டிரிப்புக்கு நேரமாயிடுச்சு, பிள்ளைங்க கேட்ல வந்து நிப்பாங்க.

இது வரைக்கும் பஸ்ல எழுதினது. இப்ப வீட்ல இருந்து எழுதறேன், மேல எழுதினதோட சேர்த்துப் படிச்சுக்க. வந்ததும் அடுப்படி மேஜை மேல தாளையெல்லாம் பரப்பி போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன், அம்மா தூங்கறான்னு நினைச்சேன், பின்னாலேயே வந்து நின்னிருக்கா. தாளைக் கையில எடுத்து நின்னுக்கிட்டே முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சா. திட்டுவான்னு கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டேன், திட்டல. பக்கெட்டுல வெந்நீரை எடுத்துக்கிட்டு, கதவு மேல துண்டைப் போட்டுட்டு உள்ள போயிட்டா. பாட்டு இல்லை. தண்ணி ஊத்தற சத்தமும் இல்லை. ஹீட்டரை மூடியாச்சு, ஓட்டையைத் திறந்தாச்சு, உள்ள ஒரு ஆபத்தும் இல்லைன்னு எனக்குத் தெரியும், ஆனா எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம், நெஞ்சுக்குத் தெரியணுமே. கதவுக்கு வெளிய நின்னேன். தட்டினா கோபம் ஜாஸ்தியாகும், தட்டலைன்னா நான் செத்துடுவேன். கையைத் தூக்கறேன், இறக்கறேன், தூக்கறேன், இறக்கறேன். அப்ப உள்ள இருந்து ரெண்டு தட்டு. அம்மாதான் தட்டினா பாப்பா, உள்பக்கத்துல இருந்து, டொக் டொக்குன்னு. இத்தனை வருஷத்துல அவ அப்படிச் செஞ்சதே இல்லை. அதுக்கு அப்புறம் தண்ணி ஊத்தற சத்தம் கேட்டுச்சு, நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

தலையைத் துவட்டிக்கிட்டு வெளிய வந்து, இதையும் சேர்த்து எழுதுங்கன்னு சொன்னா, அவ சொன்னபடியே எழுதறேன். பாப்பா ஒட்டினதுல அந்த மேல் ஓட்டையும் குளியலறைக் கதவு அடியும்தான் தப்பு, அது ரெண்டையும் பிரிச்சாச்சு. மெக்கானிக் மீதியையும் பிய்க்கிறேன்னு வந்தார், முன்னறையில ஹீட்டரும் இல்லை ஒன்னும் இல்லை, என் பொண்ணு ஒட்டினதுல கை வெக்காதீங்கன்னு விரட்டிவிட்டேன். புதுக் கண்ணாடி போட்ட ஜன்னல்ல காத்து விசில் அடிக்குது, உங்கப்பா துணியைத் திணிச்சு வெச்சிருக்கார், பார்க்க சகிக்கல, அடுத்த பருவத்துப் பாடத்தையும் படிச்சு முடிச்சுட்டு வந்து, திறக்கிற மாதிரி ஒட்டிக் கொடு. இவ்வளவுதான் சொன்னா, சொல்லிட்டு அந்த சூட்டை எடுத்துக் கொடுங்கன்னு கேட்டு என் சட்டையைத் தேய்க்க ஆரம்பிச்சா, இன்னும் ஓய்வு எடுக்கணும்னு சொன்னா கேட்கறாளா.

நீ தொட்ட காரியம் எல்லாம் நல்லபடியா முடியணும், நீ கை வெச்ச வீட்ல எல்லாம் ஜனங்க கதகதப்பாவும் இருக்கணும், நல்லா மூச்சும் விடணும், நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் கண்ணு. திங்கட்கிழமைக்கு முன்னாடி வாத்தியாரம்மாவைப் பார்க்கிறதை மறந்துடாதே. இருமலுக்கு மருந்து வாங்கிக்க. இதைப் படிச்ச உடனே எனக்குப் போன் பண்ணிப் பேசணும்னு இல்லை, பேச்சு வராது, எனக்குத் தெரியும். அழணும்னா அழுதுட்டு வா, ஆனா சத்தமே இல்லாம இருந்துடாதே. போனை ரெண்டு தடவை மணி அடிக்கவிட்டு வெச்சுடு, நான் எடுக்க மாட்டேன், ஒன்னும் கேட்கவும் மாட்டேன். நீ உள்ள இருக்கேன்னு தெரிஞ்சா போதும். கதவுக்கு வெளியதான் நிக்கறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா